தனசேகர் பாட்டு யாருடையது

மார்ச் 3, செவ்வாய்
காலை ஆறுக்கே வெயில். உப்பளத்தில் உப்பு வாரும் வேலை. பத்து மணிக்குப் போனைப் பார்த்தால் எங்கள் பாட்டு வீடியோ சேனல் இல்லை. காப்புரிமையை மீறிவிட்டோமாம். மூன்று புகார் வந்ததால் மூடிவிட்டார்களாம்.

என் வீட்டுக்காரர் தனசேகர் தானே கட்டிப் பாடிய பாட்டு. நான் எடுத்த வீடியோ. அதை ஏதோ ஓர் ஆடியோ கம்பெனி தன் ஆல்பத்தில் போட்டுக்கொண்டது. இப்போது அவர்கள் சொத்தாம். நாங்கள் திருடர்களாம்.

அவர் செத்துப்போய் ஐந்து மாதம். வீடியோ எடுத்த பழைய போன் உப்புப் பாத்தித் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிற்று. பதினொரு பாட்டும் அந்தச் சேனலில் மட்டும்தான்.

மார்ச் 4, புதன்
கோட்டக்குப்பம். பரீதா அக்காவின் கம்ப்யூட்டர் சென்டர். சேனல் தொடங்கிக் கொடுத்ததே அவள்தான். மேல்முறையீடு அனுப்பினோம். டீ ஆறுவதற்குள் பதில்: நிராகரிப்பு.

“மனுசங்க படிக்கலடி. மெஷின்தான் படிக்குது.”

“மனுசன்கிட்ட எப்படிக்கா பேசறது?”

“தெரியலயே. ரெண்டு வாரத்துல எல்லாத்தையும் அழிச்சிடுவாங்கன்னு போட்டிருக்குது.”

மார்ச் 7, சனி
உப்பளத் தொழிலாளர் கூட்டத்துக்கு எம்.பி. வந்தார். காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் கமிட்டியில் அவரும் இருக்கிறார் என்று பரீதா அக்கா சொல்லியிருந்தாள். இடித்துக்கொண்டு முன்னால் போய் எல்லாம் சொன்னேன்.

“ஏஐ வந்துடுச்சும்மா. அதுக்குத்தான் புதுச் சட்டம் கொண்டு வர்றோம். உன்ன மாதிரி ஆளுங்களக் காப்பாத்தத்தான்.”

“என்னிக்கு வருங்க சார்?”

சிரித்தார். “ஒரு பாட்டு பாடும்மா.”

தனசேகர் பாட்டையே பாடினேன். எம்.பி.யின் உதவியாளர் சரவணன் வீடியோ எடுத்தார். கைதட்டல்.

மார்ச் 9, திங்கள்
சரவணன் போன். கத்தல்.

“ஏம்மா, நீ பாடுன பாட்டால சார் சேனல்ல போட்ட வீடியோவுக்கே காப்பிரைட் நோட்டீஸ் வந்து, எடுத்துட்டாங்க!”

முதலில் சந்தோஷம். இப்போதாவது புரியுமே. மதியத்துக்குள் அந்த வீடியோ திரும்ப வந்துவிட்டது. சேனல்களை நடத்தும் வீடியோ கம்பெனி ஆள் ஒருத்தரிடம் ஒரே ஒரு போன் பேசினார்களாம்.

சரவணனை எத்தனை தரம் கூப்பிட்டேனோ. எடுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்
எம்.பி. ஆபீஸ் பூட்டு. டெல்லியாம். உள்ளங்கை வெடிப்பில் உப்பு.

தனசேகர் பாட்டுகளை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். மூன்றாவது பாட்டில் இரண்டாம் வரி வரவில்லை. பயம்.

மார்ச் 17, செவ்வாய்
மேகம். வேலைக்குப் போகவில்லை. ஆபீஸ் திறந்திருந்தது. சரவணன் மட்டும்.

“அந்தக் கம்பெனி ஆளுகிட்ட எனக்காகவும் பேசுங்க.”

“அது எம்.பி.ங்களுக்குன்னு குடுத்த நம்பரும்மா.”

“போக மாட்டேன்.” தரையில் உட்கார்ந்துவிட்டேன். வந்தவர்கள் எல்லாம் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு மணிக்கு அந்த ஆளிடம் போனில் பேசினார். இங்கிலீஷ். வைத்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எல்லாத்தையும் நேத்தே அழிச்சிட்டாங்களாம்.”

அழுகை வரவில்லை. எம்.பி. இருக்கிற கமிட்டிக்கு மனு கொடுக்கணும் என்றேன்.

“இங்கிலீஷ்ல மெயில் போட்டாத்தான் எடுப்பாங்கம்மா.”

“நான் சொல்றேன். நீங்க அடிங்க.”

சரவணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“மொதல்ல என்ன போடணும்?”

“தனசேகர் பாடுனது பதினொரு பாட்டு. இப்ப ஒண்ணுகூட இல்ல. அதப் போடுங்க.”

அடித்தார்.