லெந்து முடியும்வரை மாடி வேண்டாம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாடுபட்ட ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கியிருக்கட்டும். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் எல்லாம் சுகம் என்று முடித்துவிடுகிறார். நானும் இங்கே அப்படித்தான் சொல்லி வந்தேன். இனி அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. போனில் பேசினால் பக்கத்து அறையில் இவருக்கு, உங்கள் தங்கை மாப்பிள்ளைக்கு, கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

லெந்து, இந்த நாற்பது நாள் தவக்காலம், தொடங்கியதிலிருந்து எங்கள் ஆலயத்தில் பாடகர் குழு மாடியில் நிற்பதில்லை. முதல் நாளான சாம்பல் புதன் ஆராதனைக்குச் சற்று முன்பு, போதகர் என்ற முறையில் இவர் எல்லாரையும் கீழே இறக்கிவிட்டார். பாடுகளின் காலத்தில் நமக்கு உயரம் எதற்கு, தரையில் நின்று பாடுவோம் என்றார். சபையாருக்கு ஒரே பூரிப்பு. பீடத்தில் பூ இல்லை, சிலுவைக்கு ஊதாத் திரை, இப்போது மாடியும் இல்லை, இதுவல்லவா லெந்து என்று பொருளாளர் எழுந்து பாராட்டினார். நானும் ஏமாந்தவள்தான். மாடிக் கைப்பிடியை மறைக்க ஊதாத் துணி தைத்துக் கொடுத்தேன். ஆர்கன் மேலே சும்மா கிடக்க, கீழே ஓட்டை ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டுகிறேன். நான் மிதிக்கிற சத்தம் பாட்டைவிடப் பெரிதாகக் கேட்கிறது.

போன வருடம் மாடியைப் புதிதாகக் கட்டித் தந்த மேஸ்திரியை உங்களுக்கு நினைவிருக்கும். பிரதிஷ்டை அன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பேசினாரே, அவர்தான். சாம்பல் புதன் மதியம் அவர் வந்து இவரோடு வெஸ்ட்ரிக்குள், அங்கி மாற்றும் அறைக்குள், போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். பின்னால் வந்த இவர் கழுத்தில் ஸ்டோல், ஆராதனையில் போடும் பட்டை, கிடந்தது. ஆராதனைக்கோ இன்னும் நேரம் இருந்தது. தனிப் பாவ அறிக்கை கேட்பதற்குத் தவிர அந்த நேரத்தில் ஸ்டோல் எதற்கு? நம் லுத்தரன் சபையில் அது புத்தகத்தோடு சரி, யார் வந்து கேட்கிறார்கள்? அன்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதன் பிறகுதான் இவர் மாடியை மூடினார்.

இவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அறிக்கையில் கேட்டதைக் கல்லறைவரை வெளியே விடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தவர். நான் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன். மேஸ்திரி அதற்குப் பிறகு திருவிருந்துக்கு வரவில்லை. மாடிக்கு நேர் கீழே இருந்த தன் வழக்கமான இடத்தை விட்டு, பீடத்துக்கு அருகே போய் உட்காருகிறார். பாடகர் குழுவில் இருந்த தன் மகள்களை நிறுத்திவிட்டார். கேட்டால் பரீட்சையாம். பரீட்சை எழுதும் மற்ற பிள்ளைகள் எல்லாரும் பாடத்தான் செய்கிறார்கள், அண்ணா.

புதன்கிழமை தியானங்களில் இவர் திரும்பத் திரும்ப ஒரே வேதபகுதியை எடுக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து ஆட்கள் செத்துப்போன பகுதி. மனந்திரும்பச் சொல்கிற இடம், லெந்துக்குப் பொருத்தம்தான் என்று சபை தலையாட்டுகிறது. இவர் கண்ணோ மேஸ்திரியைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை. அவர் குனிந்த தலை நிமிர்வதில்லை.

பாட்டுப் புத்தகம் எடுக்கப் போன வாரம் நான் மாடிக்கு ஏறினேன். நான் தைத்த துணியைச் சற்று விலக்கிப் பார்த்தால், இரும்பு உத்தரத்தை ஒட்டவைத்த இடத்தில் பெயின்ட் வெடித்திருக்கிறது. உள்ளே துரு. புது இரும்பு என்று சொல்லிப் போட்டதற்கு ஒரே வருடத்தில் இவ்வளவு துருவா? கையிலிருந்த பென்சில் தவறி விழுந்தது. அது தானாக உருண்டு கைப்பிடிவரை போய் நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தேன்.

அந்த ஞாயிறே சபைச் சங்கம் கூடியது. ஈஸ்டர் விடியலில் பாடகர் குழுவோடு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரையும் மாடியில் ஏற்றி, லெந்து முழுவதும் வாய்விட்டுப் பாடாமல் வைத்திருக்கிற அல்லேலூயாவை அங்கிருந்து பாட வைப்பதாகத் தீர்மானம். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் இவர். காரணம் கேட்டார்கள். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். "லெந்துதான் முடிஞ்சிடுமே ஐயா, அப்புறமும் என்ன துக்கம்?" என்று பொருளாளர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் அங்கேதான் இருந்தார். முதல் அடியைத் தனியாகப் பாடப்போவது என் இளைய மகள், நம் சின்னவள். முன்வரிசையில், கைப்பிடியை ஒட்டி நிற்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். "என்கிட்ட எதுவும் கேக்காதே. ஜெபம் பண்ணு, போதும்" என்றார். இரும்புக்கு ஜெபம் கேட்குமா என்று என் வாய் சும்மா இராமல் கேட்டது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா.

நான் எழுந்து சொன்னால், அறிக்கையில் கேட்டதை ஐயா வீட்டில் சொல்லிவிட்டார் என்றுதான் பேசுவார்கள். இவர் போதகர் அங்கியைக் கழற்ற வேண்டியதுதான். அதைவிட, இனி ஒருவரும் மனப்பாரத்தை இறக்க அந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள். அதற்காகப் பிள்ளைகளை மேலே ஏற்றவும் என்னால் ஆகாது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு, பிரசங்கத்துக்கு உங்களை அழைக்கும்படி இவரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் இன்ஜினியர் மருமகனையும் விருந்தாளியாகக் கூட்டி வாருங்கள். ஆலயத்தைச் சுற்றிப் பார்ப்பதுபோல், படியில் நின்றே அந்த உத்தரத்தைப் பார்க்கட்டும். ஏற வேண்டாம். விஷயம் தெரிந்தவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது.

உறைக்குள் கனமாக இருப்பது மாடிக் கதவின் சாவி. இருக்கிற ஒரே சாவி. ஆணியிலிருந்து நான்தான் எடுத்தேன். காலையில் எல்லாரும் தேடினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து தேடினேன். நீங்களும் போதகர்தானே, அதற்கு மட்டும் நீங்களே எனக்குப் பாவமன்னிப்பு கூறிவிடுங்கள். பூட்டை உடைக்க ஒரு தட்டு போதும் என்கிறார் தச்சர். குருத்தோலைக்கு மறுநாள்தான் மாடியில் ஒத்திகை என்பதால் அதுவரை பொறுத்திருக்கிறார்.

சின்னவள் துணி மடித்துக்கொண்டே அந்த அடியை முணுமுணுக்கிறாள். லெந்தில் அதைப் பாடாதே என்று கத்திவிட்டேன். மிரண்டுபோய் என்னையே பார்த்தாள். கோபம் என்று நினைத்திருப்பாள். ஈஸ்டர் அன்று அவள் அதைப் பாட வேண்டும், அண்ணா, தரையில் நின்று.

கர்த்தர் உங்கள் பயணத்தைக் காக்கட்டும். சாவியைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள்.

உங்கள் அன்புத் தங்கை