இடுப்பில் கட்டும் பை

ஞாயிறு இரவு, ஸ்பிரிங்வெளி

பாறை ஏறும்போது முதுகில் மாட்டும் பை வாங்க, கூடப் படிக்கும் நிரோஷாவோடு இன்று பதுளை டவுனுக்குப் போனேன். கடையில் பையைத் தூக்கியதும், பழக்கதோஷத்தில் மேல்வாரை நெற்றியில் மாட்டிவிட்டேன். நானும் லீவில் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டித் தேயிலைக் கொழுந்து எடுத்தவள்தானே.

"இது என்ன கொழுந்துக் கூடையா?" என்று நிரோஷா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "பாரம் இடுப்புல நிக்கணும் தங்கச்சி. தலையில மாட்டுனா கழுத்து போயிரும்," என்று இடுப்புப் பட்டியை இறுக்கிக் காட்டினார்.

எனக்கா தெரியாது? அம்மாவின் கழுத்துக்குத் தினமும் தைலம் தேய்ப்பது நான்தான்.

சாயங்காலம் அம்மா பையில் அரிசியைப் போட்டு, பட்டியைக் கட்டி நடந்து பார்த்தாள். "பாரமே தெரியல. இது பாறை ஏறுறவங்களுக்கு மட்டுந்தானா?"

பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். பக்கத்து ஆணியில் கூடைக் கயிறு தொங்குகிறது. நாளைக்கு அம்மா கொழுந்து எடுக்க மலைக்கு அதைத்தான் கொண்டுபோவாள்.