ஒரு முழங்கால் பட்டைக்கு இத்தனை பெரிய பெட்டி

நடுவட்டம்
சனிக்கிழமை

அன்பு மகன் டெனினுக்கு, அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மஸ்கட்டில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உண்மையைச் சொல், போன மாதம் நீ ஆர்டர் போட்டது முழங்காலுக்குக் கட்டும் பட்டை மட்டும்தானா? வந்த பெட்டிக்குள் நானே குத்தவைத்து உட்காரலாம், பிரித்தால் காற்று அடைத்த பிளாஸ்டிக் பைகள், அடியில் அந்த ஒரு பட்டை. இத்தனூண்டு சாமானுக்கு எவனாவது இவ்வளவு பெரிய பெட்டி போடுவானா? பார்சல் வண்டி நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு ஏறாது, எல்லாம் பஸ் ஸ்டாப்பில் அம்புரோஸ் கடையில்தான் இறங்கும். மீதியை அவன் உருவிக்கொண்டான் என்று நினைத்தேன், நினைத்ததோடு நிற்காமல் கடையில் ஆள் இருக்கும்போதே கேட்டும்விட்டேன். அவன் முகம் செத்துப்போய்விட்டது.

நேற்று அடுத்த பெட்டி வந்தது. ஏனுங்க பியாட்ரிஸ் அக்கா, ஊட்டுக்குக் கொண்டு போகாதீங்க, இங்கயே எல்லாரு முன்னாடியும் பிரிங்க என்று கத்தியைக் கையில் கொடுத்துவிட்டான். டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், யாரும் கை வைத்த மாதிரி இல்லை. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் கொப்புளம் கொப்புளமாகப் பிளாஸ்டிக் தாள், கடைசியில் ஒரு தைலப் புட்டி! பஸ்சுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள், அம்புரோஸ் சிரிக்கவில்லை. இனிமே உங்க பார்சலை இங்க எறக்க வேண்டாமுங்க என்று திரும்பிக்கொண்டான். சின்ன வயதில் நீ காய்ச்சலில் கிடந்தபோது ஜீப் பிடித்துக் கூடலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் அவன், அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே.

அந்தக் கம்பெனிக்காரன்மேல் இப்போதும் சந்தேகம்தான், காற்றை அடைத்து அனுப்புகிறவன் எதிலோ ஏமாற்றுகிறான். அட்டை அடுப்புக்கு ஆகும், பிளாஸ்டிக்கை என்ன செய்ய? வெளியே வீசினால் காட்டெருமை மென்றுவிடும். குப்பை எடுக்கும் செல்வி, என்னங்கக்கா புதுசா கடை வெச்சிருக்கீங்களா என்று கிண்டல் வேறு. இனி எதுவும் அனுப்பாதே, தைலம் கூடலூரிலேயே இருக்கிறது, துணிப்பையோடு போய் நானே வாங்கிக்கொள்வேன்.

பட்டை மட்டும்தானா என்று பதில் எழுது, ஆனால் அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை. நான் கேட்டது எல்லார் காதிலும் விழுந்ததே, மன்னிப்பும் அப்படித்தான் விழ வேண்டும். நாளைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் கலையும் முன் கேட்கப் போகிறேன். உன் நெற்றியில் சிலுவை போட்டதாக வைத்துக்கொள், ஜெபமாலையை விடாதே. அம்புரோசுக்கு நீயும் ஒரு போன் போடு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அம்மா,
பியாட்ரிஸ்