சிமி பானை கேட்டு வந்த நாள்

திமோனா, இஸ்ரேல்
கிஸ்லேவ் மாதம், வியாழக்கிழமை

அன்பு மகள் ஓர்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் உண்டு உறங்கி இருக்கிறேன், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

அப்பாவை அடக்கம் செய்து பதினாறு நாள் ஆகிறது, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தவர்கள்தான் அழுதார்கள், நான் அவர்களுக்குக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தேன். நீ வந்து சேர உடலை ஒரு நாள் வைத்திருக்கலாமா என்று மாடிவீட்டு சிமி கேட்டாள். அன்றைக்கே மண்ணில் வைப்பதுதான் முறை என்று நான்தான் முடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கடைசி மண்ணைத் தள்ளினார்கள். நீ என்மேல் கோபமாக இருந்தால் அது நியாயம்தான்.

பிறகு நம் வழக்கப்படி ஏழு நாள் துக்கத்துக்குத் தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்தேன். துக்க வீடென்று சிமி முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் துணி போட்டாள், ஒரு பானையில் பருப்பும் அவித்த முட்டையும் கொண்டுவந்தாள், மென்றேன், ருசி தெரியவில்லை. திங்கட்கிழமை வீட்டில் காலைப் பிரார்த்தனை முடிந்ததும், அதற்காக வந்திருந்த ஆண்கள், ஏழு நாள் ஆச்சு, எந்திரிம்மா ஃப்ரேஹா என்றார்கள். பொழுது சாயும்போது புதைத்த செவ்வாயை எப்படி ஒரு நாளாக எண்ணுவது? இவர்களுக்கு வேலைக்குப் போகிற அவசரம் என்று நினைத்து, அவர்கள் போனதும் மறுபடி கண்ணாடியை மூடித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் எழுந்திருக்கத்தான் நினைத்தேன், எழவில்லை. இரண்டு நாளும் ஒருவரும் வரவில்லை. ஊர் உலகம் இவ்வளவுதான் என்று தோன்றியது, அதுகூட வலிக்கவில்லை.

போன வாரம் புதன்கிழமை சிமி தன் பானையை வாங்கிப்போக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அடிப்பாவி, கடவுளே ஏழு நாள் போதும்னுட்டார், அவரைவிட உனக்கு இரக்கம் ஜாஸ்தியா, உன் புருஷன் மக்லூஃப் இருந்திருந்தா சோறு எங்கடின்னுதான் கேட்டிருப்பான் என்று கத்தி, என்னைத் தூக்கி நிறுத்தித் துக்கத்தில் தொடாத தோல் செருப்பை மாட்டவைத்து, துக்கம் முடித்து எழுபவர்கள் நடக்கிறபடி தெருவைச் சுற்றி நடத்திக்கொண்டு போனாள். ரொட்டிக்கடை வரை போய்த் திரும்பினோம். மனம் ஒன்றும் இலேசாகவில்லை, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பசித்தது. சிமி முட்டை பொரித்துக் கொடுத்தாள், உப்பு அதிகம் என்றேன். சொன்ன பிறகுதான் ருசி தெரிந்திருக்கிறது என்று உறைத்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், நேற்று சிமி வீட்டுப் போனில் மாப்பிள்ளை பேசினார். நீ இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறாயாம், வேலைக்கும் போவதில்லையாம். அடக்கத்துக்கு வராதவளுக்கு எழுந்திருக்க என்ன உரிமை என்கிறாயாம். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க என்று வேறு அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். நீ வராமல் இருக்கவில்லை, உன்னை வரவிடாதவள் நான். அந்தப் பாரம் என்னுடையது, அதை நீ தூக்கிக்கொண்டு உட்காராதே. உன் ஏழு நாள் எப்போதோ முடிந்துவிட்டது, அங்கே உன்னிடம் வந்து அதைச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் சொல்கிறேன். எழுந்திரு ஓர்னா. மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வா.

நீயும் மாப்பிள்ளையும் நூற்றிருபது வயது வரை வாழ வேண்டும். ஒன்றை மறக்காதே, துக்க முறைப்படி அப்பாவுக்காகக் கிழித்த சட்டையை ஒழுங்காகத் தைக்கவே கூடாது, முப்பது நாள் கழித்துக் கோணல்மாணலாக இரண்டு தையல் போட்டுக்கொள். கிழிசலோடு நடக்கத் தடை இல்லை.

இப்படிக்கு,
உனக்காகக் காத்திருந்து உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டிய அம்மா,
ஃப்ரேஹா