'வீடு' – கட்டாயம் நிரப்பவும்

மே 13, புதன்
காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. கரண்டும் இல்லை. கம்பியூட்டர் படிப்பின் இறுதி வருட வெப்சைட்டுக்குத் தலைப்பு வரும் செவ்வாய்க்குள் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வாப்பா படிக்க விடமாட்டார், அது நிச்சயம்.

படிப்பிக்கும் சேர் இதுவரை வெட்டியவை:
மீன் விலை (தினமும் கடற்கரைக்குப் போய் விலை எடுப்பது யார் என்றார். நியாயம்தான்).
ஹோட்டல் புக்கிங் (பாதி வகுப்பு அதுதான் செய்கிறது. நான் ஹோட்டலில் தங்கியதே இல்லை).
சுனாமியில் காணாமல் போனோர். இதற்கு மட்டும் பேனையை மூடி வைத்துவிட்டு, "ஒரு ஆள் செய்து முடிக்கேலாது. ஒங்கட மனசும் தாங்காது புள்ள" என்றார்.

"பெரிசா யோசிக்காதீங்க. கேக்கிறதுக்கு ஒரு ஆள் இரிக்கணும், போடுறதுக்கு விபரம் இரிக்கணும். அவ்வளவுதான்."
என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. சும்மா கழுத்துக்கு மேலே கிடக்கிறது.

மே 14, வியாழன்
உம்மாவின் இடத்தில் இப்போது என் மூத்தவள், ராத்தாதான். சோறு போடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மாப்பிள எடுக்கிறதுக்கு ஒண்டு செய்யன்கா. புரோக்கர்ட பையிக்குள்ள ஊர்ப் புள்ளையள்ட விபரமெல்லாம் கிடக்கு."

அவள் வாயாலேயே இது. சுனாமிக்கு முன் அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தது. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். கடல் உம்மாவைக் கொண்டுபோனது, ராத்தாவுக்கென்று கட்டிய வீட்டையும் கொண்டுபோனது. "இனி மாப்பிள எங்க வந்து இரிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. கடலுக்குக் கிட்ட என்று அந்த இடத்தில் கட்டவும் விடுகிறார்கள் இல்லை. அரசாங்க வீட்டுத் திட்டத்தில் பெயர் வரவுமில்லை. சாச்சியின் வளவில் தகரக் கொட்டில், இன்னும்.

ராத்தா சொன்னதைச் சேரிடம் சொன்னேன். "இதுதான் செய்யக்கூடிய தலைப்பு! ஒரு பக்கம் செய்து கொண்டுவாங்க, பாப்பம்." எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மே 16, சனி
வாப்பாவோடு புரோக்கர் ஹனிபா காக்காவின் வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ, மாரி பிஸ்கட். பெண்ணுக்கு என்னென்ன கேட்கவேண்டும் என்று அவரே சொன்னார்: பெயர், வயசு, வாப்பாவின் தொழில், படிப்பு, குர்ஆன் ஓதல், நிறம், வீடு.
"வீட்ட நிரப்பாம விட்டா?"
"விட்டா உள்ள எடுக்கப்படாது மகள். மாப்பிள்ளட உம்மாமார் முதல் கேக்கிறதே அதுதானே."
"சுனாமியில வீடு போன ஆக்கள்?"
அவர் வாப்பாவைப் பார்த்தார். வாப்பா கோப்பைக்குள் பார்த்தார்.
"அல்லாஹ் ஒரு வழிய வெப்பான். வீட்டு விபரத்த மட்டும் கட்டாயமாப் போடுங்க. இல்லாட்டி இது எனக்கு வேணா."
அவர் வேண்டாம் என்றால் தலைப்பும் இல்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மே 18, திங்கள்
நாள் முழுக்க லேப். பாமினி எழுத்தில் 'வீடு' என்று அடித்தால் சேரின் கம்பியூட்டரில் tPL என்று வருகிறது. எல்லாவற்றையும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். கை உளைவு.

சந்தியில் பட்டாசு. யுத்தம் முடிந்ததாம். கூடப் படிக்கும் பெரியநீலாவணை சுகந்திக்குப் போன் எடுத்தேன், அவளுடைய அண்ணன் சண்டை நடந்த வன்னிக்குள். "ஒண்டும் கேக்காத" என்றாள்.
வாப்பா: "சண்டை முடிஞ்சா இனி நமக்கும் வீடு தருவாங்க."

மே 19, செவ்வாய்
உண்மையான ஓர் ஆளின் விபரத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார் சேர். யாரிடம் கேட்பது? "என்டயப் போடன்கா" என்று ராத்தா லேப்புக்குக் கூடவே வந்தாள். நல்ல அபாயா, பெருநாளைக்கு உடுப்பது.

பெயர் போட்டேன். வயசு போட்டேன். நிறத்துக்கு 'பொது நிறம்' என்று அவளே சொன்னாள். வீடு வெறுமை. 'பதிவு செய்' என்பதை அழுத்தினேன்.

சிவப்பில் வந்தது: மன்னிக்கவும். வீட்டு விபரம் இல்லாமல் பதிவு செய்ய முடியாது.

நான் எழுதிய வசனம்தான். சேர் பின்னால் நின்று, "ஆ, சரியா வேல செய்யுது. தலைப்பு ஓகே" என்று ஒப்பம் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அந்தக் கட்டாயத்தை எடுக்க ஒரே ஒரு வரியை அழித்தால் போதும். கையைக் கொண்டுபோனேன். ராத்தா மணிக்கட்டைப் பிடித்தாள். "விசரா ஒனக்கு? கிடைச்சதயும் விட்டிட்டு என்ன செய்யப்போறாய்?"
அழிக்கவில்லை.

வளவுக்குள் வந்து அபாயாவைக் கழற்றி மடித்துக்கொண்டே ராத்தா சொன்னாள்:
"'மன்னிக்கவும்' எண்டு போட்டிரிக்காய் என்ன? இவ்வளவு காலத்துல ஒருத்தரும் எனக்கிட்ட அப்பிடிச் சொன்னதில்லகா."