ட்யூப் திரும்பி வருகிறது

அன்புள்ள மகளுக்கு,

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் வீட்டில் இனிமேல் காபி ஆறிய பிறகே குடிக்கப்படும். ஆறின காபிக்குப் பாத்திரம் கழுவின தண்ணீர் தேவலை என்று அப்பா முன்வைத்த ஆட்சேபணை தள்ளுபடி. இங்கே அம்மாவின் கன்னங்களைத் தவிர எல்லோரும் சுகம். அங்கே உன் கன்னங்கள் எப்படி இருக்கின்றன? அக்கா, எழுதும் கை மட்டும் தம்பியுடையது. அம்மா முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள், துணிக்கு அடியிலிருந்து வரும் குரலை நான் பிடித்து எழுதுகிறேன்.

அம்மாவின் மூக்கும் கன்னமும் சிவந்து எரிவதற்கு ரோசேசியா என்று பெயராம், தோல் டாக்டர் சொன்னார். பெயரைக் கேட்டால் மாடியில் புதிதாகக் குடிவந்த பெண் மாதிரி இருக்கிறது, ஆனால் இது லேசில் காலி செய்யாதாம், அடக்கமாக இருக்க வைக்கலாமாம். வீட்டில் அடக்கலாம், டிரைவிங் ஸ்கூலில் என்ன செய்வது? அம்மா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததுமே, டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று பயந்து கற்றுக்கொள்ள வருபவர்கள் கிளட்ச்சைப் படக்கென்று விட்டுவிடுகிறார்கள், வண்டி குலுங்கி நின்றுவிடுகிறது. முதலாளி கூப்பிட்டு, ஏதாவது பூசிக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுங்கள் என்றார். அதைக் கேட்டுத்தான் நீ அந்த மறைக்கும் க்ரீமை அனுப்பினாய், அன்போடுதான் அனுப்பினாய். அம்மா காதோரம் கடுகளவு தடவிப் பார்த்தாள், வாசனை தெருமுனை வரை போனது, தடவின இடம் திகுதிகுவென்று எரிந்தது, மூடிவைத்துவிட்டாள். மறுநாள் வெறும் முகத்தோடு போய் முதலாளி முன்னால் நின்று, "என் கால் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு சார். கத்துக்க வர்றவங்களுக்கு அதுதான் வேணும், என் கன்னத்தோட கலர் இல்ல" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். இப்போதெல்லாம் புதிதாக யார் வந்தாலும், என் முகம் எப்பவும் இப்படித்தான், கோபம் வந்தால் வாயால் சொல்லிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள், கிளட்ச்சும் மெதுவாக வருகிறது. போன வாரம் முதலாளியே வண்டி ஜன்னலுக்கு வெயில் மறைப்பு வாங்கி மாட்டினார். பிரேக் வசனத்தை எழுதிக்கொடுத்தது யார் என்று நினைக்கிறாய்? அடியேன்தான். இந்த வீட்டில் யாரும் மூஞ்சியை ஒளிக்க மாட்டோம், அதில் முதல் ஆள் நான்.

இனி உன் விஷயம். உனக்கும் இது ஆரம்பித்திருக்கிறது என்று எழுதினாய், அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டு நெட் சரியில்லை என்கிறாய். நெட் இல்லாத ஊரில் நீ கொட்டாவி விடுவது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவாகக் கேட்கிறது? அம்மா துணியை விலக்கிவிட்டு, "என் மூக்கத்தான் அவளுக்குக் குடுத்திருக்கேன், அத பாக்கவாவது விடச் சொல்லு" என்கிறாள். உன்கூட வேலை பார்ப்பவள் ஒரு க்ரீம் கொடுத்தாள் என்று எழுதினாயே, அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், இருந்தால் சிவப்பு இன்னும் கூடும், டாக்டரிடம் அதைக் காட்டிக் கேள். வாசனை இல்லாத, மென்மையான ஃபேஸ்வாஷ் போதும், வெந்நீர் வேண்டாம், துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடு, வெளியே போனால் சன்ஸ்க்ரீனும் குடையும். எதைத் தின்றால் சிவக்கிறது என்று கவனி, அம்மாவுக்குக் காரமும் சூடும், உனக்கு வேறாக இருக்கலாம். பூசிக்கொள்வது உன் இஷ்டம், தோலுக்கு ஒத்துக்கொண்டால் தாராளமாகப் பூசு, ஆனால் எங்களிடம் ஒளிந்துகொள்வதற்காக வேண்டாம்.

துணி காய்ந்துவிட்டது, போதும் என்கிறாள் அம்மா. உன் முகம் எந்த நிறத்தில் இருந்தாலும் நிமிர்ந்தே இருக்கட்டும், நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை கேமராவை மறக்காதே.

இப்படிக்கு,
உன் மூக்கின் மூலவர்,
அம்மா

அக்கா, அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள், இனி நான் மட்டும். நீ அனுப்பின அந்த மறைக்கும் க்ரீம் ட்யூபைத் திருப்பி அனுப்பச் சொன்னாள், இத்துடன் வருகிறது. அழுத்திப் பார்த்தால் பாதிதான் இருக்கும். அம்மா எடுத்தது கடுகளவு, மீதியெல்லாம் என் நெற்றிப் பருக்களுக்குத்தான் போனது. தினமும் அதைப் பூசிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். அந்த பிரேக் வசனமும் அம்மாவே சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை நான் முடியை மேலே தூக்கி வாரிக்கொண்டு, பருவும் நெற்றியுமாக வந்து உட்காருகிறேன். ஆனால் கேமராவை முதலில் நீ போடு.