உப்புக்கொத்திகள் வந்த வாரம்

மே 4, திங்கள்

மைனஸ் ஆறு. நல்ல வெயில். பேனா மை உறைந்துவிட்டது, இனி பென்சில்தான்.

அலாஸ்காவில் இரண்டாவது வாரம். மரமே இல்லாத தூந்திரா வெளி, இரண்டு கூடாரம், நானும் டேனியலும். பனி அளப்பது அவர் வேலை, பறவை எண்ணுவது என் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். மலேசியாவில், எங்கள் ஊர் கிள்ளானில் எல்லாரும் ஹனிமூனா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

நாங்கள் கணக்கெடுக்கும் சர்வே இடத்தில் கால்வாசி தரை தெரிகிறது. மீதி பனி.

மதியம் முதல் கூட்டம். பொன் உப்புக்கொத்தி, பதினொன்று. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளித் திடலில் மண் நிறத்தில் புழு தேடி ஓடுமே, அதே பறவை. இங்கே முதுகெல்லாம் தங்கப் பொட்டு, வயிறு கன்னங்கரேல். மாப்பிள்ளைக் கோலம். நான் குதித்ததில் பூட்ஸுக்குள் பனி.

மே 5, செவ்வாய்

சாட்டிலைட் போனில் அம்மா.

"அங்க சாப்பாடு என்னாம்மா?"

"சாம்பார்தான் லா. பொடி கொண்டாந்தோம்ல."

"திடல்ல அந்தப் பறவைங்க ஒண்ணயும் காணோம்."

"இங்கதான்மா வந்துருக்கு."

"அப்படியா? நல்லாப் பாத்துக்க."

தலைக்குக் குளிக்க ஆசை. வாய்ப்பில்லை.

மே 7, வியாழன்

நேற்று முழுக்கப் பனிப்புயல். இன்று மதியம் நின்றது. வெளியே வந்தால் ஒரே வெள்ளை. கால்வாசித் தரையும் போச்சு. கடல் தாண்டி வந்து இளைத்த பறவைகள். தரையில் கிடக்கும் போன வருடத்துப் பழங்கள்தான் இப்போதைக்குச் சாப்பாடு.

டேனியல் மண்வாரியை எடுத்தார். "ஒரு மூலையில மட்டும் பனியத் தள்ளி விடுறேன்."

"வேணாம். அது சர்வே இடம். பனி எவ்ளோ இருக்குன்னு அளக்க வந்துட்டு நாமளே தள்ளுனா எப்படி?"

"அப்போ எல்லாம் செத்துப்போச்சுன்னு எழுதுவியா?"

நான் சரியாகத்தான் பேசினேன். ஆனாலும் சோறு இறங்கவில்லை.

மே 8, வெள்ளி

காலை. சமையல் கூடாரத்தின் மறைவில் ஒரு உப்புக்கொத்தி. ஒற்றைக் காலில், இறகெல்லாம் உப்பி. பக்கத்தில் போனேன், பறக்கவில்லை.

மண்வாரியை நானே எடுத்தேன். கூடாரத்துக்குப் பின்பக்கம், சர்வே எல்லைக்கு நன்றாக வெளியே. கொஞ்ச நேரத்தில் டேனியல் பெரிய சட்டி மூடியோடு வந்து பக்கத்தில் தோண்டினார். முழங்கால் ஆழம். அடியில் பாசி. அதில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கறுப்புப் பழங்கள்.

முகாம் அருகே பனி நீக்கினோம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். யார் கேட்டாலும் கேட்கட்டும்.

கூடாரத்துக்குள் போய் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து இருவரும் எட்டிப் பார்த்தோம். பறவை ரொம்ப நேரம் அசையவில்லை. பிறகு இரண்டு எட்டு வைத்தது. நின்றது. இன்னும் இரண்டு. குனிந்து ஒரு பழம்.

டேனியல் என் கையைப் பிடித்தார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. நான் விடவில்லை.

மாலைக்குள் பத்து வந்துவிட்டன. பதினொன்றாவதை நள்ளிரவில் வெளிச்சம் மங்கும்வரை தேடினேன்.

மே 10, ஞாயிறு

பிளஸ் மூன்று. எங்கும் தண்ணீர் சொட்டும் சத்தம். காலுறை மூன்று ஜோடி காய்கிறது. சர்வே இடத்தில் தரை மறுபடி தெரிகிறது.

காலையில் தெற்கிலிருந்து புதுக் கூட்டம். பழையவற்றோடு கலந்துவிட்டது. இனி எது பதினொன்றாவது என்று யார் சொல்வது? வந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டேன்.

மதியம் ஒரு ஆண் உப்புக்கொத்தி மேலே ஏறி, சிறகை மெல்ல மெல்ல அடித்தபடி கூவியது. திடலில் இத்தனை வருடம் பார்த்தும் இந்தக் குரலைக் கேட்டதில்லை.

"மாலா, வெளிய வா, சீக்கிரம்" என்று டேனியல் கத்தினார். நான் ஏற்கெனவே வெளியேதான் இருந்தேன், ஈரப் பாசியில் மல்லாந்து. அவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். இன்னொன்று ஏறியது. பிறகு இன்னொன்று.

சாம்பார் அடிப்பிடித்த வாசனை. யாரும் எழுந்து போகவில்லை.